எந்தத் தேதிக்கு?



டிசம்பர் கடைசி வாரம், இதழ் அச்சுக்குப் போகிற நாள். பெரியவர் ஒருவர் மெதுவாகப் படியேறி வந்தார். கூட்டுறவுப் பண்டகசாலையில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். முப்பது வருடமாக நம் இதழை வாங்குகிறவர். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்து என் மேசையில் விரித்து, மடிப்பு போக உள்ளங்கையால் நீவிவிட்டார். அவருடைய பேத்திக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து வந்த மின்னஞ்சல், அச்செடுத்தது. ஒரே ஒரு சொல்லின் அடியில் பென்சிலால் இரண்டு கோடு போட்டிருந்தது. ‘டிஃபர்டு.’

“புள்ள அகராதியப் பாத்தா. ஒத்திவைத்தல்னு இருக்கு சார். அவ அப்பா, வேணாம்கிறத நாகரிகமா சொல்லியிருக்கான்னு சொல்றாரு. ரெண்டு நாளா அவ சரியா சாப்பிடல. நீங்க எழுதுறவங்க, எது சரின்னு நீங்கதான் சொல்லணும்.”

நல்லவேளையாக இந்த ஒரு சொல்லைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்தது. அங்கே பல பல்கலைக்கழகங்களில் முன்கூட்டியே விண்ணப்பிக்கும் முறை ஒன்று உண்டு. நவம்பர் தொடக்கத்துக்குள் விண்ணப்பித்தால் டிசம்பர் நடுவில் பதில் வந்துவிடும். சேர்த்துக்கொண்டோம் என்பது ஒரு பதில். இடமில்லை என்பது இன்னொன்று. மூன்றாவதுதான் டிஃபர். இப்போது முடிவு சொல்லவில்லை, பொதுச் சுற்றில் வரும் விண்ணப்பங்களோடு உன்னுடையதையும் சேர்த்து மறுபடி பார்ப்போம், மார்ச் கடைசி வாக்கில் சொல்கிறோம் என்று அதற்குப் பொருள். கதவு மூடவில்லை. இடையில் வரும் மதிப்பெண்களை அனுப்பி வைக்கலாம், இப்போதும் அங்கே படிக்கவே விரும்புகிறேன் என்று ஒரு கடிதமும் எழுதலாம். இதைச் சொன்னதும் பெரியவர் அந்தத் தாளை மறுபடி நான்காக மடித்தார். இந்தமுறை மடிப்பதில் ஒரு பதமை தெரிந்தது.

அவர் போன பிறகும் சொல் போகவில்லை. இதே டிஃபர் என்ற சொல்லை இடம் கிடைத்த மாணவரும் பயன்படுத்துவார். வீட்டுச் சூழல் சரியில்லை, ஒரு வருடம் கழித்து வந்து சேர்கிறேன் என்று கேட்டுக்கொள்வதற்கும் அங்கே டிஃபர் என்றே பெயர். முதல் இடத்தில் முடிவு பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கிறது, இரண்டாவதில் மாணவரின் கையில். யார் யாரைக் காத்திருக்க வைக்கிறார்கள் என்பதே தலைகீழாக மாறிவிடுகிறது. அகராதியில் ‘ஒத்திவைத்தல்’ என்று ஒரு வரி போட்டுவிட்டால் இந்த வேறுபாடு எங்கே தெரியும்?

இந்தக் கேள்வி எனக்குப் பழைய கணக்கு ஒன்றை நினைவூட்டியது. நான் நாளிதழ் ஒன்றில் உதவியாசிரியராகச் சேர்ந்த புதிது. நிலம் கையகப்படுத்தியதற்கு இழப்பீடு கேட்டு விவசாயிகள் தொடர்ந்த வழக்கு. இரு தரப்பு வாதமும் முடிந்து, நீதிபதி தீர்ப்பைப் பிறகு சொல்வதாக அறிவித்திருந்தார். ஆங்கிலச் செய்தியில் ‘ரிசர்வ்டு’ என்று இருந்தது. நாங்கள் எல்லோரும் எழுதும் வழக்கப்படி ‘தீர்ப்பு ஒத்திவைப்பு’ என்று தலைப்பு வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் மதியம் அலுவலகத் தொலைபேசிக்கு ஒரு மூதாட்டியின் குரல் வந்தது. வழக்குப் போட்டவர்களில் ஒருவர். ஊர்ப் பொதுத் தொலைபேசியிலிருந்து பேசினார்.

“ஒத்திவச்சிட்டாங்கன்னு போட்டிருக்கியே தம்பி. எந்தத் தேதிக்கு?”

என்னிடம் பதில் இல்லை. அவர் புரிந்துகொண்டது இன்னொரு வாய்தா என்று. இன்னொரு முறை விடிகாலைப் பேருந்து, தூக்குவாளியில் சோறு, நீதிமன்ற வராந்தாவில் பகல் முழுக்க உட்கார்ந்திருப்பது. உண்மையில் அவர் இனி வரவேண்டிய வேலையே இல்லை. விசாரணை முடிந்துவிட்டது. நீதிபதி எழுத உட்கார்ந்துவிட்டார். ரிசர்வ் என்றால் அவ்வளவுதான் பொருள். சிவில் வழக்குகளில் விசாரணை முடிந்த 30 நாளில் தீர்ப்புச் சொல்ல முயலவேண்டும், தவிர்க்க முடியாத காரணம் இருந்தாலும் சாதாரணமாக 60 நாளைத் தாண்டக்கூடாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. இத்தனை நம்பிக்கையும் இருந்த செய்தியை, அலைச்சல் தொடர்கிறது என்ற செய்தியாக நான் மாற்றிக் கொடுத்திருந்தேன். விவரம் கேட்டு, அரைமணி கழித்து அவர் மறுபடி அழைத்தபோது சொன்னேன். “அப்ப வரவேணாமா?” என்று இரண்டு முறை கேட்டுவிட்டு வைத்தார்.

அன்றிலிருந்து, தள்ளிப்போகிற விஷயத்தைச் சொல்லும் ஆங்கிலச் சொல் எதைப் பார்த்தாலும் அந்த அம்மாளின் கேள்வியை அதனிடம் கேட்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. எந்தத் தேதிக்கு? யார் தள்ளினார்கள்? தொடங்கிய பிறகா, தொடங்கும் முன்பா? இந்த மூன்றைக் கேட்டால் பெரும்பாலான சொற்கள் தாமாகவே பிரிந்து நிற்கும்.

டிலே, போஸ்ட்போன் இரண்டையும் எடுத்துக்கொள்வோம். இரவு பத்து மணிக்கு ஒரு ரயில் நிலையத்தில் பெட்டியோடு நிற்கிறீர்கள். ‘ஒரு மணி நேரம் இருபது நிமிடம் தாமதமாக வந்துகொண்டிருக்கிறது’ என்று ஒலிபெருக்கி சொல்கிறது. அது டிலே. யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்தது இல்லை. வழியில் சிக்னல் கோளாறாக இருக்கலாம், மழையாக இருக்கலாம். நேரம் நழுவிவிட்டது. நீங்கள் நடைமேடையை விட்டு வெளியே போக முடியாது, இருபது நிமிடத்தைப் பிடித்துவிட்டுச் சீக்கிரமே வந்தாலும் வரும். போஸ்ட்போன் என்றால் ஒருவர் முடிவெடுத்திருக்கிறார். லத்தீனில் ‘போஸ்ட்’ என்பது பின்னால், ‘பொனெரே’ என்பது வைத்தல். எடுத்துப் பின்னால் வைக்க ஒரு கை வேண்டும். ரயில்வேயிலும் இதற்கு நிகரான ஓர் அறிவிப்பு உண்டு. வண்டி புறப்படும் நிலையத்திலேயே நேரத்தை மாற்றி ‘ரீஷெட்யூல்’ செய்வார்கள். அதைக் கேட்டவர் நிம்மதியாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம். டிலே என்றால் போக முடியாது. இரண்டையும் ‘தாமதம்’ என்ற ஒரே சொல்லால் சொன்னால், வீட்டுக்குப் போயிருக்கக்கூடிய கைக்குழந்தைக்காரி சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள்.

இந்தச் சொற்களை மிகத் துல்லியமாகப் பயன்படுத்துகிற ஓர் இடம் நமக்குப் பக்கத்திலேயே, பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டா. 2023 அக்டோபர் 21 அன்று ககன்யான் திட்டத்தின் முதல் சோதனைக் கலம் காலை 8 மணிக்குப் புறப்படவேண்டும். வானிலை சரியில்லாததால் 8.30 ஆயிற்று, பிறகு 8.45. அதுவரை டிலே. கடைசி எண்ணிக்கையில் 5 விநாடி இருக்கும்போது கணினி நிறுத்தியது. அந்த நிலைக்குப் பெயர் ‘ஹோல்ட்.’ கடிகாரத்தைப் பிடித்து நிறுத்தியிருக்கிறோம், விடுவதா வேண்டாமா என்று பார்த்துச் சொல்கிறோம் என்று பொருள். இஸ்ரோவின் அப்போதைய தலைவர் சோமநாத் உடனே நேரலையில் வந்து அதைச் சொன்னார். கோளாறு கண்டுபிடிக்கப்பட்டுக் காலை 10 மணிக்குக் கலம் கிளம்பியது. சந்திரயான் 2-இன் கதை வேறு. 2019 ஜூலை 15, அதிகாலை 2.51-க்குக் கிளம்பவேண்டியது, 56 நிமிடம் 24 விநாடி மீதமிருந்தபோது கோளாறு தெரிந்து நிறுத்தினார்கள். அன்றைக்கு ஏவுவது கைவிடப்பட்டது, புதிய தேதி பின்னர் சொல்லப்படும் என்று அறிவிப்பு வந்தது. மூன்று நாளில் தேதியும் வந்தது. 22-ஆம் தேதி பிற்பகல் 2.43-க்கு ஏறியது. இரவெல்லாம் விழித்திருந்த குழந்தைகளிடம் அன்று என்ன சொல்வது? நின்றுவிட்டது என்றா, தள்ளிவைத்திருக்கிறார்கள் என்றா? அந்த மூன்று நாளுக்கு அந்த வேறுபாடு பெரியது.

போஸ்ட்போனுக்கும் கேன்சலுக்கும் உள்ள தூரத்தை ஒரே ஊரை வைத்துச் சொல்லிவிடலாம். டோக்கியோ. 1940 ஒலிம்பிக் அங்கேதான் நடப்பதாக இருந்தது. போர்ச் சூழலில் ஜப்பான் 1938-இல் அதைக் கைவிட்டது, போட்டி ஹெல்சிங்கிக்கு மாறியது, உலகப்போர் மூண்டதும் அடியோடு ரத்தானது. அந்த வருடத்துக்காகவே உடம்பைத் தயார் செய்த எத்தனையோ வீரர்களுக்கு மறுபடி ஒரு தேதி வரவே இல்லை. 1944-உம் ரத்து. எண்பது வருடம் கழித்து அதே ஊர், கொரோனா. 2020 மார்ச் 24 அன்று தள்ளிவைப்பதாக அறிவித்தார்கள். 2021 ஜூலை 23-இல் தொடங்கி ஆகஸ்ட் 8-இல் முடிந்தது. பெயர் மட்டும் ‘டோக்கியோ 2020’ என்றே இருந்தது. பழைய தேதிக்குக் கொடுத்த வாக்கு இன்னும் உயிரோடிருக்கிறது என்று அந்தப் பெயரே சொல்லிக்கொண்டிருந்தது.

இனி, தொடங்கிவிட்ட ஒன்றை நடுவில் நிறுத்துவதற்கு வருவோம். இங்கே போஸ்ட்போன் பொருந்தாது, சஸ்பெண்டும் அட்ஜர்னும் வரும். ஐ.பி.எல். ரசிகர்களுக்கு இது அனுபவப் பாடம். 2020-இல் மார்ச் 29 அன்று தொடங்கவேண்டிய போட்டி ஏப்ரல் 15-க்குத் தள்ளிப்போனது, அதற்கு போஸ்ட்போன் சரி. 2021-இல் பாதி ஆட்டங்கள் முடிந்த நிலையில் மே 4 அன்று நிறுத்தினார்கள், மீதி செப்டம்பர் 19 முதல் அமீரகத்தில் நடந்தது. இது சஸ்பெண்ட். அதுவரை எடுத்த ரன்னும் புள்ளியும் அப்படியே நின்றன. ‘சஸ்பெண்ட்’ என்றால் நம் ஊரில் அரசு ஊழியரைப் பணியிடைநீக்கம் செய்வதுதான் நினைவுக்கு வரும். அங்கும் இதே பொருள்தான். வேலை போய்விடவில்லை, அந்தரத்தில் தொங்குகிறது. சொல்லின் மூலப்பொருளும் தொங்கவிடுதல்தான்.

அட்ஜர்ன் எனக்கு மிகவும் பிடித்த சொல். அதற்குள் ஒரு நாள் ஒளிந்திருக்கிறது. பழைய பிரெஞ்சில் ‘ஜோர்ன்’ என்றால் நாள். நாட்குறிப்பைச் சொல்லும் ஜர்னலும், பயணத்தைச் சொல்லும் ஜர்னியும் அதே நாளிலிருந்து பிறந்தவை. ஆகவே அட்ஜர்ன் என்றால் இன்னொரு நாளுக்குக் கொண்டுபோதல். இதை நான் சரியாக உணர்ந்தது அகராதியில் இல்லை, சதுரங்கப் பலகையில்.

கணினிகள் வலுப்பெறுவதற்கு முந்தைய காலத்தில் பெரிய ஆட்டங்கள் ஒரே அமர்வில் முடியாது. சில மணி நேரம் ஆடியும் முடியவில்லை என்றால் நிறுத்துவார்கள். அங்கே நியாயம் கெடாமல் நிறுத்துவது எப்படி? யாருடைய முறையோ அவர் யோசித்தபடி வீட்டுக்குப் போனால் விடிய விடிய அந்த ஒரே நிலையை ஆராய்ந்துகொண்டு வருவார். அதனால் ஓர் ஏற்பாடு செய்தார்கள். முறை வந்தவர் தம் அடுத்த நகர்வைப் பலகையில் ஆடாமல், எதிராளிக்குத் தெரியாதபடி தாளில் எழுதுவார். அதை உறையில் இட்டு ஒட்டி, நடுவரிடம் கொடுப்பார். காய்கள் இருந்த இடமும் கடிகாரம் காட்டிய நேரமும் உறைமேல் குறிக்கப்படும். மறுநாள் நடுவர் உறையைப் பிரித்து அந்த நகர்வை ஆடிக் காட்டிய பிறகே கடிகாரம் ஓடத் தொடங்கும். இரவு முழுவதும் எழுதியவருக்குத் தன் நகர்வை மாற்ற வழியில்லை, எதிராளிக்கு அது என்னவென்று தெரியாது. காத்திருப்பின் சுமையை இருவர் தோளிலும் சமமாக ஏற்றிவைக்கும் ஏற்பாடு. 1972-இல் ரெய்க்யாவிக் நகரில் பாபி ஃபிஷரும் போரிஸ் ஸ்பாஸ்கியும் மோதிய உலகப் போட்டியின் 21-ஆவது ஆட்டம் இப்படித்தான் ஆகஸ்ட் 31 அன்று நின்றது. ஸ்பாஸ்கி தம் 41-ஆவது நகர்வை எழுதி உறையிலிட்டார். மறுநாள் அவர் அரங்குக்கு வரவில்லை, தோல்வியைத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். ஃபிஷர் உலக வாகையர் ஆனார். ஓர் ஆட்டத்தை இன்னொரு நாளுக்கு எடுத்துப்போவதில் எவ்வளவு பொறுப்பு வேண்டும் என்பதற்கு அந்த ஒட்டிய உறையைவிட நல்ல உருவம் எனக்குத் தெரியவில்லை.

நம் நீதிமன்றத்து வாய்தாவும் பிறப்பில் இப்படி ஒரு பொறுப்புள்ள சொல்தான். அரபியில் வாக்குறுதி என்று பொருள்படும் சொல் உருது வழியாக நம்மிடம் வந்து வாய்தாவாயிற்று. இன்ன தேதியில் உன் வழக்கைக் கேட்கிறேன் என்ற வாக்கு அது. அந்த வாக்கு மலிந்துவிடக்கூடாது என்றுதான், வழக்கு விசாரணையின்போது ஒரு தரப்புக்கு மூன்று முறைக்கு மேல் வாய்தா தரக்கூடாது என்ற வரம்பு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டு 2002-இல் நடைமுறைக்கு வந்தது. அந்தத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது சேலம் வழக்கறிஞர் சங்கம். 2005 தீர்ப்பில் நீதிமன்றம் வரம்பை ஏற்றது. வழக்காடுபவரின் கைமீறிய காரணம் இருந்தால் மட்டும் விலக்குத் தரலாம் என்றது. இன்று ‘வாய்தா’ என்றாலே மக்கள் முகம் சுளிக்கிறார்கள். சொல் செய்த குற்றம் ஒன்றுமில்லை.

சட்டமன்றச் செய்திகளில் இன்னொரு குழப்பம். பேரவைத் தலைவர் கூட்டத்தை நாளைக்கோ திங்களுக்கோ தள்ளினால் அட்ஜர்ன். நாளே குறிக்காமல் தள்ளினால் அதோடு ‘சைனி டை’ என்ற லத்தீன் வால் ஒட்டிக்கொள்ளும். நாள் இல்லாமல் என்பதே அதன் நேர்ப்பொருள். கூட்டத்தொடரையே முறைப்படி முடித்துவைப்பது ‘ப்ரோரோக்.’ அதைச் செய்யும் அதிகாரம் பேரவைத் தலைவருக்குக் கிடையாது. மாநிலத்தில் ஆளுநருக்கு, நாடாளுமன்றத்தில் குடியரசுத் தலைவருக்கு. நம் நாட்டில் கூட்டத்தொடர் முடிந்தாலும் நிலுவையிலுள்ள மசோதாக்கள் சாவதில்லை. பிரிட்டனில் பொதுவாகச் செத்துப்போகும், தனியே தீர்மானம் போட்டுக் காப்பாற்றினால் உண்டு. 2019 செப்டம்பரில் பிரதமர் போரிஸ் ஜான்சன் நாடாளுமன்றத்தை ஐந்து வாரம் ப்ரோரோக் செய்ய வைத்ததும், அது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்ற அமர்வின் 11 நீதிபதிகளும் ஒருமனதாகச் செப்டம்பர் 24 அன்று சொன்னதும் நினைவிருக்கும். அன்று நம் ஏடுகள் சிலவற்றில் ‘நாடாளுமன்றம் ஒத்திவைப்பு’ என்று மட்டும் பார்த்தேன். வெறும் ஒத்திவைப்புக்கா நாடே கொந்தளித்தது என்று வாசகர் குழம்பத்தானே செய்வார்?

ஆங்கிலம் பேசுகிறவர்களே இந்தச் சொற்களில் தடுக்கி விழுந்ததுண்டு. 1941 டிசம்பரில் வாஷிங்டனில் பிரிட்டன், அமெரிக்கப் படைத் தலைவர்கள் கூடினார்கள். பிரிட்டிஷ் தரப்பு அவசரமான ஓர் அறிக்கையை ‘டேபிள்’ செய்ய வேண்டும் என்றது. அவர்கள் ஊரில் அதற்கு, உடனே மேசையில் வைத்து விவாதிப்போம் என்று பொருள். அமெரிக்கர்களுக்கோ அதே சொல், எடுத்து மூலையில் வை, இப்போது வேண்டாம் என்று பொருள்படும். இருவரும் ஒன்றையே விரும்புகிறார்கள் என்று தெரிவதற்குள் நீண்ட, கசப்பான வாக்குவாதமே நடந்ததாகச் சர்ச்சில் தம் போர் வரலாற்றில் எழுதியிருக்கிறார். ‘மூவ் ஃபார்வர்டு’ என்பதும் இப்படித்தான். புதன்கிழமைக் கூட்டத்தை இரண்டு நாள் ஃபார்வர்டு செய்தாயிற்று என்றால் திங்களா, வெள்ளியா? ஆய்வாளர்கள் கேட்டுப் பார்த்ததில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே ஏறக்குறைய இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். முன்தேதிக்கு மாற்றுவதைச் சொல்ல நாம் புழங்கும் ‘ப்ரீபோன்’ இந்தக் குழப்பத்துக்கு இடம் தராது. இந்திய ஆங்கிலம் என்று ஒதுக்கப்பட்ட அந்தச் சொல் இப்போது ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியில் இடம்பிடித்துவிட்டது. அதைப் பயன்படுத்தக் கூச்சப்படும் இளைஞர்களுக்குச் சொல்கிறேன், தாராளமாக எழுதுங்கள்.

இதுவரை சொன்னவற்றில் சொல் தவறினால் அலைச்சல், குழப்பம். பணம் போகிற இடம் ஒன்று இருக்கிறது. மொரட்டோரியம். 2020 மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி, மார்ச் முதல் மே வரை வரவேண்டிய கடன் தவணைகளை மூன்று மாதம் தள்ளிக் கட்ட அனுமதிக்கலாம் என்று வங்கிகளுக்குச் சொன்னது. மே 22 அன்று அதை ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. எங்கள் தெருமுனை ஆட்டோ நிறுத்தத்தில் ஒருவர் ஆறு மாதமும் தவணை கட்டவில்லை. “ஆறு மாசம் தள்ளுபடி பண்ணிட்டாங்கண்ணே, பேப்பர்ல போட்டிருந்துச்சு” என்று சந்தோஷமாகச் சொன்னார். அந்த வருடக் கடைசியில் வங்கியிலிருந்து வந்த கணக்குத் தாளை என்னிடம் காட்டினார். கட்டாத மாதங்களின் வட்டி அசலோடு ஏறியிருந்தது, கடன் முடியும் மாதம் தள்ளிப்போயிருந்தது. தாளின் கடைசி வரியை விரலால் தொட்டு, “இது யாரோடது?” என்று கேட்டார்.

அவர் ஏமாந்தது ஆங்கிலத்தால் இல்லை, நம் தமிழில் உள்ள ஒரு வழுக்கலால். தள்ளிவைப்பு, தள்ளுபடி. இரண்டும் ‘தள்ளு’ என்ற ஒரே வேரில் முளைத்தவை. முதலாவதில் கடன் அப்படியே நிற்கிறது, இரண்டாவதில் கடனே இல்லை. நீதிமன்றத்திலும் இதே ஆபத்து. மனுவைத் தள்ளிவைத்தால் இன்னொரு நாள் கேட்பார்கள், தள்ளுபடி செய்தால் கதை முடிந்தது. மொரட்டோரியத்தின் லத்தீன் வேர் தாமதித்தலைத்தான் சொல்கிறது, மன்னித்தலை அல்ல. வட்டிக்கு வட்டி வசூலிக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021 மார்ச் 23 அன்று சொன்னது. வட்டியையே முழுதாக விட்டுக்கொடுக்கச் சொல்ல மறுத்துவிட்டது. ‘வட்டி ஓடிக்கொண்டிருக்கும்’ என்ற இரண்டே சொல்லை அந்த 2020 மார்ச் மாதம் எல்லா ஏடுகளும் தலைப்பிலேயே போட்டிருக்கலாம். நம் இதழும் போடவில்லை. உள்ளே ஒரு பத்தியில் இருந்தது.

தமிழில் சொல் இல்லாமல் இந்த நிலை வரவில்லை. ‘ஒத்தி நில்லு’ என்று கிராமத்தில் சொல்கிறோமே, விலகி நிற்பது, அந்த ஒத்துதலிலிருந்து வந்ததுதான் ஒத்திவைத்தல். அது போஸ்ட்போனுக்குச் சரியான இணை. ஆனால் அது ஒன்றா நம்மிடம் இருக்கிறது? எழுந்த கோபம் அடங்கட்டும் என்று வேண்டுமென்றே விட்டுவைத்தால் ஆறப்போடுதல். கோப்பை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டால் கிடப்பில் போடுதல், ஆங்கிலத்து ‘ஷெல்வ்’ அப்படியே இதுதான். முடிக்க முடிந்ததை முடிக்காமல் அலைக்கழித்தால் இழுத்தடித்தல். வேகம் குறைந்தால் சுணக்கம். கொடுத்த காலம் அவகாசம், தாண்டக்கூடாத காலம் கெடு, பகுதி பகுதியாகப் பிரித்த காலம் தவணை. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் ‘ஆடி கழியட்டும்’ என்றால் ஆவணி முகூர்த்தத்துக்கு மண்டபம் தேடலாம். ‘பார்க்கலாம்’ என்றால் வேறு இடம் பார்க்கலாம். இந்த நுட்பம் எல்லாம் திண்ணையில் இருக்கிறது, செய்தி மேசைக்கு வருவதில்லை. அவசரத்தில் எங்கள் கை ஒரே சொல்லுக்குப் போகிறது.

ப்ரொக்ராஸ்டினேட் என்ற நீண்ட சொல்லைப் பற்றிப் பல இளைய வாசகர்கள் கேட்டு எழுதுகிறீர்கள். அதன் நடுவில் இருக்கும் ‘க்ராஸ்’ லத்தீனில் நாளை. செய்யவேண்டியது தெரிந்தும், தள்ளினால் கெடுதல் என்று தெரிந்தும், நாளைக்கு என்று நகர்த்துவது. மற்ற சொற்களில் தள்ளுகிறவர் ஒருவர், காத்திருப்பவர் இன்னொருவர். இதில் இருவரும் ஒருவரே. திருக்குறளின் மடியின்மை அதிகாரத்தில் வள்ளுவர் இதை ‘நெடுநீர்’ என்கிறார், கெடப்போகிறவர்கள் விரும்பி ஏறும் நான்கு கலங்களில் அதை முதலில் வைக்கிறார். அவரே வினைசெயல்வகை அதிகாரத்தில், ஆறப்போட்டுச் செய்யவேண்டியதை ஆறப்போட்டே செய் என்றும் சொல்கிறார். தாமதம் எல்லாமே சோம்பல் என்று அவர் நினைக்கவில்லை. தேர்வுக்குப் படிக்காமல் இருப்பதற்கு ‘டிலே’ என்று எழுதாதீர்கள், டிலேக்கு மழைகூடக் காரணமாகலாம்.

பெரியவரின் பேத்தி நேற்று எனக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். அரையாண்டு மதிப்பெண்களை அனுப்பிவிட்டாளாம். பல்கலைக்கழகத்துக்கு எழுதிய கடிதத்தையும் இணைத்திருந்தாள். நல்ல கடிதம். மார்ச் கடைசியில் பதில் வரும்.

ஒரு செய்தி சொல்லவேண்டியிருக்கிறது. இந்த இதழில் தொடங்கும் என்று சென்ற மாதம் நாங்கள் விளம்பரப்படுத்திய நாவல் தொடர் இந்த இதழில் இல்லை. எழுத்தாளருக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. நலமாக இருக்கிறார். ஆறு வாரம் படிப்பதும் எழுதுவதும் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அவர் மூன்று அத்தியாயம் தந்துவிட்டார், அதை வைத்துத் தொடங்கிவிடலாம் என்றும் சொன்னார். நடுவில் நிற்கவேண்டாம் என்று முடிவு செய்தது நான். தொடர் ஒத்திவைக்கப்படுகிறது. சித்திரை இதழில் முதல் அத்தியாயம் வரும்.

அன்புடன்,
ஆசிரியர்